பங்களா குளியலறையில் நான் மாட்டிய விசிறி

1. கதவு

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குளியலறைக் கதவைத் தோளால் இடித்து உடைத்தவன் நான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திகாம் பத்து என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒயர்மேனாக இருந்தேன். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரச் சர்க்கார் சண்டை போட்டுக்கொண்டிருந்த அவசரகாலம். தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி, பங்களாவைச் சுற்றி முள்கம்பி, அந்த வேலி முழுக்க விளக்கு. ஒரு விளக்கு எரியாவிட்டாலும் முதலில் என்னைத்தான் தேடி வருவார்கள்.

அன்று சாயங்காலம் நாலு மணி இருக்கும். பங்களாவின் பின்பக்கத்தில் நின்று வேலி விளக்குக்கு ஃபியூஸ் கட்டிக்கொண்டிருந்தேன். சமையல்காரர் கோவிந்தன் அண்ணன் உள்ளேயிருந்து கத்தினார்.

“தம்பி, ஓடியா! துரையக் கூப்பிட்டா பேசவே மாட்டேங்கிறாரு. உள்ள தாப்பா போட்டிருக்கு!”

மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு கதவு திறந்தது. திறந்த வேகத்தில் என் முதுகுப் பக்கமிருந்து காற்று அறைக்குள் பாய்ந்தது. சட்டை படபடத்தது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. துரை தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் சுருண்டு கிடந்தார். மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு கையைப் பிடித்து முன் வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனோம். கொஞ்ச நேரம் கழித்து வாந்தி எடுத்தார். ஆனால் கண் திறக்கவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் ஓடிவந்து நாடி பிடித்தார். “ஹார்ட்டா இருந்தா மூஞ்சி வெளுத்துப் போயிருக்கும். இது செவசெவன்னு கெடக்கு. வயித்துக்கு என்னமோ போயிருக்கு” என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. துரையைச் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

பத்துப் பதினைந்து நாட்களாகவே துரைக்குச் சாயங்காலமானால் தலைவலி, குமட்டல். வெயிலில் காடு சுற்றி வருகிறார், அதனால்தான் என்று எல்லோரும் நினைத்தோம். மூன்றரைக்கு வருவார். கோவிந்தன் அண்ணன் போட்ட தேத்தண்ணியைக் குடிப்பார். பிறகு குளிப்பார். குளித்து வந்தபின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். இன்ஸ்பெக்டருக்குத் தேத்தண்ணி ஒன்றுதான் கண்ணில் பட்டது. தோட்டத்துத் துரைமார்கள் சுடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. சுட முடியாதவன் விஷம் வைப்பான் என்று நினைக்க ஒரு போலீஸ்காரருக்கு நிறைய நேரம் தேவைப்படவில்லை.

“தேத்தண்ணி போட்டது யாரு?” என்று என்னைக் கேட்டார்.

“கோவிந்தண்ணன்தான், சார்.”

“வேற யாராச்சும் உள்ள வந்தாங்களா?”

“இல்ல, சார்.”

இரண்டும் உண்மை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். தேநீர்க் குவளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். கோவிந்தன் அண்ணனை, கட்டியிருந்த ஏப்ரனோடு ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் என்னைப் பார்த்து, “அடுப்புல பருப்பு இருக்கு தம்பி, எறக்கி வச்சிரு” என்றார். போய்விட்டு ராத்திரிக்குள் வந்துவிடுவோம் என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

2. பெரியது இருக்கும்போது சின்னது எதற்கு

அந்த விசிறியை மாட்டியவன் நான். இப்போது இந்த வேலைக்கு வரும் பையன்கள் கடைக்குப் போய் அட்டைப் பெட்டியில் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி, கண்ணாடியில் வட்டமாக வெட்டி, அரை மணியில் மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

பழைய பங்களாக்களில் குளியலறைக்கு இரண்டு கதவு இருக்கும். ஒன்று படுக்கை அறைக்கு. இன்னொன்று பின்பக்கம், வெளியே. வெந்நீர் கொண்டுவருபவரும் கழிவு வாளி எடுப்பவரும் அந்த வழியாக வந்து அந்த வழியாகவே போய்விடுவார்கள். துரைமார்கள் அவர்களைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பின்கதவில் சட்டம் சட்டமாக இடைவெளி விட்டிருப்பார்கள். நல்ல காற்று வரும். அவசரகாலம் வந்ததும் போலீஸ் உத்தரவு வந்தது. பின்கதவுக்கு இரும்புத் தகடு அடித்து மூடினார்கள். ஜன்னலுக்கும் தகடு. வெளியிலிருந்து வெந்நீர் வர வழியில்லை. நம் வீடுகளில் இருக்குமே, நடுவில் கரி போடும் செம்பு பாய்லர், அதில் பெரியதாக ஒன்றை உள்ளேயே வைத்தார்கள். புகை போக ஒரு தகரக் குழாயைக் கூரை வழியாக மேலே ஏற்றிவிட்டார்கள்.

ஒரே மாதத்தில் சுவரெல்லாம் பூஞ்சணம். துண்டு காய்வதில்லை. துரை என்னைக் கூப்பிட்டார். அவர் பேசும் தமிழ் எல்லாம் காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டில் ஆள் விரட்டக் கற்ற தமிழ்.

“ஒயர்மேன், இந்த ரூம் நாத்தம். நீ காத்து போடு.”

பினாங்கு கடைப் பட்டியலில் ஆறு அங்குல விசிறி ஒன்று இருந்தது. பத்தடிக்கு எட்டடி அறைக்கு அது போதும். எனக்கும் அது தெரியும். ஆனால் எங்கள் ஸ்டோரில், ரப்பர் ஷீட்டு காயவைக்கும் அறைக்கென்று வாங்கி மாட்டாமல் போட்டிருந்த பதினைந்து அங்குல விசிறி ஒன்று சும்மா கிடந்தது. கையில் இருப்பதை விட்டுவிட்டு யார் பினாங்குக்கு ஆர்டர் எழுதிக் காத்திருப்பார்கள்? பெரியது இன்னும் நன்றாக இழுக்கும் என்று நானே துரையிடம் போய்ச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

முதல் பாடம் இங்கே: விசிறியின் அளவை அறைதான் சொல்ல வேண்டும். ஸ்டோரில் என்ன கிடக்கிறது என்பது சொல்லக் கூடாது.

3. ரப்பர் ஷீட்டு

மாட்டிய வேலையில் குறை சொல்ல முடியாது. கதவுக்கு எதிர்ச்சுவரில், கூரைக்கு ஓரடி கீழே ஓட்டை போட்டேன். ஈரம் மேலேதான் நிற்கும். சுவிட்சை அறைக்கு வெளியே வைத்தேன். ஈரக் கையோடு யாரும் தொடக் கூடாது. எர்த் கம்பி தனியாக இழுத்தேன். வேலிக்குப் பொறுப்பான சார்ஜென்ட் வந்து பார்த்து, “அந்த ஓட்ட வழியா குண்டு போட்டா?” என்று கேட்டார். வெளிப்பக்கம் கம்பி வலையும் சரிவான தகடும் அடித்தேன். தோட்டத்துக்குக் கரண்ட் தரும் இஞ்சின் ஓடும் நேரமெல்லாம் விசிறி ஓடும். இரண்டே நாளில் சுவர் காய்ந்துவிட்டது. துரை என் தோளைத் தட்டினார்.

மூன்றாம் நாள் மறுபடி கூப்பிட்டார். குளிக்கும்போது கதவுக்கு அடியில் விசில் சத்தம் கேட்கிறதாம், தூசியும் உள்ளே வருகிறதாம். பார்த்தேன். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. விசிறி அவ்வளவு பலமாக இழுக்கும்போது காற்று அதற்குள் நெருக்கியடித்து வந்துகொண்டிருந்தது.

எங்கள் தோட்டத்தில் எந்த ஓட்டைக்கும் ஒரே மருந்துதான். கூரை ஒழுகினால் ரப்பர் ஷீட்டு. மேசை ஆடினால் ரப்பர் ஷீட்டு. செருப்பு தேய்ந்தால் ரப்பர் ஷீட்டு. நல்ல தடித்த ஷீட்டில் ஒரு பட்டை வெட்டி, கதவின் அடியில் வரிசையாக ஆணி அடித்தேன். தரையைத் துடைத்துக்கொண்டு திறக்கும், இறுக்கிக்கொண்டு மூடும். ஜன்னல் தகடு விசிறிச் சத்தத்தில் தடதடவென்று ஆடியது. அதன் ஓரத்துக்கும் ரப்பர் கொடுத்தேன். விசில் நின்றது. தூசி நின்றது. கோவிந்தன் அண்ணன்கூட வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கெட்டிக்காரன்லா நீ! எறும்புகூட உள்ள போவாது.”

அந்த அறைக்குக் காற்று வர இருந்த கடைசி வழியை நான் அடைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லித் தந்ததும் இல்லை. துரையின் தலைவலி அந்த வாரம்தான் ஆரம்பித்தது.

4. இறக்கையில் சாம்பல்

எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பராமரிப்பு அதிகம் இல்லை. மாதம் ஒரு தடவை மெயின் சுவிட்சை அணைத்து, இறக்கையைக் கழற்றித் துடைக்க வேண்டும். பேரிங்குக்கு இரண்டு சொட்டு எண்ணெய். வெளித்தகட்டில் குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துடைக்காத விசிறி ஒரு பக்கம் கனத்து, ஆடி ஆடி மோட்டாரைத் தின்றுவிடும்.

கோவிந்தன் அண்ணனைக் கொண்டுபோன நாலாம் நாள் அந்த வேலைக்காகப் பங்களாவுக்குப் போனேன். வீட்டில் யாரும் இல்லை. துரை இன்னும் ஆஸ்பத்திரியில்தான். குளியலறை விசிறி என்றால் தூசியும் பவுடரும் ஈரத்தில் குழைந்து இறக்கையில் பசை மாதிரி ஒட்டியிருக்கும். இதில் சாம்பல் ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். கரிச் சாம்பல்தான். பாய்லர் இருப்பது அறையின் அந்த மூலையில், அதன் புகைக்கும் சாம்பலுக்கும் குழாய் இருக்கிறது. அது எப்படி இங்கே வந்தது?

சமையலறையில் முருகன் படத்துக்கு முன்னால் கோவிந்தன் அண்ணனின் ஊதுபத்திக் கட்டு இருந்தது. ஒன்றை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு வந்தேன். விசிறியைத் திரும்ப மாட்டி, பாய்லர் மூடியைத் திறந்து, ஊதுபத்தியைக் குழாய் வாயில் பிடித்தேன். புகை நேராக மேலே போனது. வெளியே வந்து விசிறியைப் போட்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு மறுபடி பிடித்தேன். புகை திரும்பி என் முகத்துக்கே வந்தது. குழாயிலிருந்து காற்று கீழே இறங்கி, சாம்பலைக் கிளப்பிக்கொண்டு அறைக்குள் வந்தது. கதவைத் திறந்தேன். புகை மேலே போனது. சாத்தினேன். கீழே வந்தது.

நாலைந்து தடவை அப்படித் திறந்தும் சாத்தியும் பார்த்தேன். வெளியே தள்ளும் விசிறிக்கு உள்ளே வரும் காற்று வேண்டும். கதவு வழியாக வரவில்லையென்றால் வேறு எங்கிருந்தாவது இழுக்கும். இங்கே இருந்த ஒரே வழி புகைக்குழாய். துரை தினமும் கரிப்புகையில் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். தணலாக எரியும் கரியில் புகையும் தெரியாது, மணமும் தெரியாது, ஆனால் அதன் வாயு ஆளை மயக்கிக் கொன்றுவிடும். தேத்தண்ணியில் ஒன்றும் இல்லை.

பயந்துபோனேன். கோவிந்தன் அண்ணனை நினைத்து இல்லை, என்னை நினைத்துத்தான். துரை சாகப் பார்த்த அறையில் விசிறி மாட்டியவன், கதவை அடைத்தவன், ஜன்னலை அடைத்தவன் எல்லாம் ஒரே ஆள். வேண்டுமென்றே செய்தான் என்று ஒருவன் சொன்னால் போதும். அந்தக் காலத்தில் விசாரணை இல்லாமலே ஆளை உள்ளே வைக்கலாம்.

ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பி, கதவிலிருந்த ரப்பர் பட்டையைப் பிடுங்கினேன். ஜன்னல் ரப்பரையும் பிடுங்கினேன். ஆணித் துளைகளில் மெழுகு தேய்த்தேன். பட்டையைச் சுருட்டிக்கொண்டுபோய் ஸ்டோர் கழிவு ரப்பரோடு போட்டேன். இனி யாருக்கும் ஆபத்து இல்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோவிந்தன் அண்ணனுக்கு இருந்த ஒரே சாட்சியைத்தான் கழற்றிப் போட்டேன்.

5. லெட்சுமி அக்கா கேட்டது

அதே சாயங்காலம் கோவிந்தன் அண்ணனின் மனைவி லெட்சுமி அக்கா இஞ்சின் வீட்டுக்கு வந்தார். புல்வெட்டுக் கேங்கில் வேலை செய்பவர். வேலை முடிந்து கையோடு வந்திருந்தார், முழங்கால் வரைக்கும் சேறு.

“தம்பி, கதவ ஒடச்சு மொதல்ல உள்ள போனது நீதான? உள்ள என்ன பாத்த? எதுவா இருந்தாலும் சொல்லு. இன்ஸ்பெக்டருகிட்ட நான் போயிச் சொல்றேன்.”

இஞ்சின் சத்தத்தில் கேட்காத மாதிரி நின்றேன். அவர் இன்னும் கிட்டே வந்து அதையே கேட்டார்.

“ஒண்ணும் பாக்கலக்கா” என்றேன்.

“நல்லா யோசிச்சுப் பாரு தம்பி.”

“இல்லக்கா. தொர கீழ கெடந்தாரு. அவ்வளவுதான்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். சரிப்பா என்று சொல்லிவிட்டுப் போனார். எண்ணெய்க் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் எழுந்து அவர் பின்னால் ஓடவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஆறாம் நாள், போலீஸ் வந்து அவர்களுடைய லயத்து வீட்டைச் சோதனை போட்டது. ஒரு பிஸ்கட் டின்னில் அரிசி இருந்தது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று அப்போது அரிசியை அளந்துதான் கொடுப்பார்கள். கைப்பிடி அதிகம் இருந்தாலும் கேள்வி வரும். துரை வீட்டுச் சமையலில் மிஞ்சும் நொய்யை அக்கா கோழிக்காகச் சேர்த்து வைத்திருந்தார். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், தோட்டமே பார்த்திருக்கிறது. டின் ஜீப்பில் ஏறியது.

6. துரை முன்னால்

பதின்மூன்றாம் நாள் துரை திரும்பி வந்தார். இளைத்துப் போயிருந்தார், பேச்சு மெதுவாக வந்தது. அன்று காலையில்தான் கோவிந்தன் அண்ணனைச் சுங்கை பட்டாணியிலிருந்து தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற செய்தி பெரட்டில் பரவியது. லெட்சுமி அக்காவும் மகளும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஆபீஸிலிருந்து சொல்லியாகிவிட்டது. அவர்கள் பாத்திரங்களை வெளியே எடுத்து வைப்பதை நான் வழியில் பார்த்தேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. புதிதாக ஒரு ரப்பர் பட்டை வெட்டி எடுத்துக்கொண்டு நேரே பங்களாவுக்குப் போனேன்.

“தொர, தேத்தண்ணி இல்ல. ஃபேன். நான் மாட்டின ஃபேன்.”

அவருக்குப் புரியவில்லை. கையைப் பிடிக்காத குறையாகக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். பட்டையைக் கதவில் அடித்தேன். ஜன்னல் ஓரத்தை ஈரத்துணியால் அடைத்தேன். விசிறியைப் போட்டு, கதவைச் சாத்தி, ஊதுபத்தியைப் பாய்லரில் பிடித்தேன். புகை கீழே வந்து அவர் சட்டையைத் தடவிக்கொண்டு விசிறிக்குப் போனது. கதவைத் திறந்து காட்டினேன். அவர் ஊதுபத்தியை என் கையிலிருந்து வாங்கித் தானே இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“நீ எப்போ தெரியும்?”

“இப்பத்தான் தொர.”

அந்த இடத்திலும் பொய்தான் சொன்னேன்.

துரை கெட்டவர் இல்லை. அன்றைக்கே இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் எழுதினார். விபத்து, சமையல்காரன் மேல் குற்றமில்லை என்று எழுதியதாகச் சொன்னார். என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை, வேலையும் போகவில்லை. ஆனால் பதில் வந்தபோது அதில் தேத்தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ரேஷனுக்கு மேல் அரிசி வைத்திருந்த ஆள், கோப்பு மேலிடத்துக்குப் போய்விட்டது என்றுதான் எழுதியிருந்தார்கள். துரை இன்னும் இரண்டு தடவை எழுதினார். சில மாதங்கள் கழித்துக் கோவிந்தன் அண்ணனை இந்தியாவுக்குக் கப்பலேற்ற உத்தரவாயிற்று. அவர் பிறந்தது இங்கேயே, புக்கிட் செலம்பாவ் பக்கம். இந்தியாவை அவர் படத்தில்கூட பார்த்ததில்லை.

7. பஸ் வரும்வரை

லெட்சுமி அக்கா அவரோடு போக முடிவு செய்தார். பினாங்குக்குப் போக, தோட்டத்து முகப்பில் பஸ்ஸுக்கு நின்றார். காவல்காரர்கள் அவருடைய மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து அதைத் திரும்பக் கட்டிக் கொடுத்தேன். மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“அந்த ஃபேன் விசயம் ஒனக்கு எப்பத் தம்பி தெரியும்?” என்று அக்கா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

துரையிடம் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நாலாம் நாளுக்கா. நீங்க இஞ்சின் வீட்டுக்கு வந்தீங்களே, அன்னிக்கு மத்தியானம்.”

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

“அன்னிக்கு அவரு டவுன் ஸ்டேஷன்லதான் இருந்தாரு. தெனம் சோறு கொண்டுபோயிக் கொடுத்தேன். தொர பக்கம் ஒரு தகவல் வந்தா விட்டுர்றேன்னு இன்ஸ்பெக்டரு சொன்னாரு. வீட்டச் சோதன போட்டது அதுக்கப்புறம்தானப்பா.”

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ் வந்தது. மூட்டையைத் தூக்கி மேலே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தேன். எத்தனையோ குளியலறைகளில் விசிறி மாட்டினேன். கதவுக்கு அடியில் இடைவெளி விடாமல், அல்லது கதவில் காற்றுச் சட்டம் போடாமல் ஒன்றுகூட மாட்டவில்லை. கேஸ் ஹீட்டர், கரி பாய்லர் இருக்கும் அறையில், வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் காற்று வரும் வழியை முதலில் போட்டுவிட்டுத்தான் விசிறியைத் தொடுவேன். இதை நான் எல்லோருக்கும் சுலபமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இன்னொன்றை இத்தனை காலம் யாரிடமும் சொன்னதில்லை. செய்த வேலையில் தவறு என்று தெரிந்தால், அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். பயமாக இருந்தாலும், வேலை போகும் என்றாலும், உங்களையே பிடித்துக்கொண்டு போவார்கள் என்றாலும் சொல்லுங்கள். நான் ஒன்பது நாள் தாமதமாகச் சொன்னேன். கோவிந்தன் அண்ணன் திரும்பி வரவில்லை.